பத்துப் பேருக்கு ஒரு செஸ்னா: 50 மணி நேர சர்வீஸும் அதன் கணக்கும்

விமானம் 1970களின் செஸ்னா 172எம். இன்ஜின் லைக்கமிங் ஓ-320-இ2டி: நான்கு சிலிண்டர், கார்பரேட்டர், 150 குதிரைத்திறன். இடம் அமெரிக்கா. பத்து உறுப்பினர்கள் சம பங்கு போட்டு நடத்தும், லாப நோக்கமில்லாத கிளப்பின் சொத்து. ஆளுக்கு ஆண்டுக்கு 25 மணி நேரம் பறந்தால் மொத்தம் 250. அதாவது ஆண்டுக்கு ஐந்து முறை 50 மணி நேர சர்வீஸ், ஒரு முறை ஆண்டுப் பரிசோதனை. இந்தப் பதிவில் பெரும்பகுதி அந்த 50 மணி நேர வேலை. கடைசியில் கொஞ்சம் பணக் கணக்கு.

தனி ஆள் வைத்திருக்கும் விமானத்தில் இன்ஜின் சத்தம் சற்று மாறினாலும் அவர் காது பிடித்துவிடும். பத்துப் பேர் மாறி மாறி ஓட்டும் விமானத்தில் ஒவ்வொருவரும் ஒரு துண்டைத்தான் பார்க்கிறார்கள். ஒருவர் அரை குவார்ட் (ஒரு குவார்ட் ஏறக்குறைய ஒரு லிட்டர்) ஆயில் ஊற்றுவார், அடுத்த வாரம் இன்னொருவர் ஒரு குவார்ட். எழுதி வைக்காவிட்டால் இன்ஜின் 50 மணி நேரத்தில் 5 குவார்ட் குடித்ததா 12 குடித்ததா என்று ஒருவருக்கும் தெரியாது. பொதுக் கிணற்றில் எல்லாரும் தண்ணீர் இறைப்பார்கள், கயிறு எங்கே நைந்திருக்கிறது என்பது யார் கண்ணிலும் படாது. அதே கதைதான். ஆகவே கீழே வரும் ஒவ்வொரு வேலையிலும் பாதி ஸ்பானர், பாதி பேனா.

யார் எதைத் தொடலாம்

எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) விதிகளில் பகுதி 43, இணைப்பு ஏ, உரிமையாளரான பைலட்டே செய்துகொள்ளக்கூடிய தடுப்புப் பராமரிப்பு வேலைகளைப் பட்டியலிடுகிறது. ஆயிலும் பில்டரும் மாற்றலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து இடைவெளி சரிபார்க்கலாம். டயர் மாற்றலாம், சக்கர பேரிங்குக்கு கிரீஸ் வைக்கலாம், ஸ்ட்ரட்டுக்கு (சக்கரத்தின் அதிர்வுத் தாங்கி) எண்ணெயோ காற்றோ ஏற்றலாம், பேட்டரி மாற்றலாம், சேஃப்டி வயர் (திருகியது தளராமல் கட்டும் கம்பி) போடலாம். பங்கு உள்ள கிளப்பில் உறுப்பினரும் உரிமையாளர் தரப்பு என்பதால் இந்த வழி திறந்திருக்கிறது. வேலை முடிந்து விமானம் பறக்கத் தகுதி என்று கையெழுத்திடுபவரிடம் குறைந்தது பிரைவேட் பைலட் சான்றிதழ் இருக்க வேண்டும். பயிற்சி நிலையில் உள்ள உறுப்பினர் கூடவே நின்று வேலை செய்யலாம், கையெழுத்து அவருடையதாக இருக்கக் கூடாது.

லாக்புக்கில் வேலையின் விவரம், முடிந்த தேதி, செய்தவர் பெயர், கையெழுத்து, சான்றிதழ் எண், சான்றிதழ் வகை எல்லாம் இருக்க வேண்டும். டேக்கோமீட்டர் (சுருக்கமாக டேக்; இன்ஜின் சுழற்சியையும் ஓடிய மணியையும் காட்டும் கருவி) மணியையும் சேர்த்து எழுதுங்கள். ‘ஆயில் மாற்றப்பட்டது’ என்ற ஒற்றை வரி போதாது. எந்த ஆயில், எத்தனை குவார்ட், எந்த பில்டர், அறுத்துப் பார்த்ததில் என்ன கிடைத்தது என்பதெல்லாம் அந்தப் பதிவில் வர வேண்டும்.

100 மணி நேரப் பரிசோதனை பற்றி அடிக்கடி குழப்பம் வருகிறது. ஆட்களைக் கட்டணத்துக்கு ஏற்றிச் சென்றாலோ, கற்றுக்கொடுப்பவரே விமானத்தையும் தந்து கட்டணம் வாங்கிக் கற்பித்தாலோ அது கட்டாயம். உறுப்பினர் தன் பங்கு விமானத்தில், தானே தனியாக அமர்த்திய ஆசிரியரிடம் கற்றால் கட்டாயமில்லை. 12 மாதத்துக்கு ஒருமுறை வரும் ஆண்டுப் பரிசோதனையை மட்டும் யாரும் தவிர்க்க முடியாது. அதில் கையெழுத்திட வேண்டியவர் பரிசோதனை அங்கீகாரம் பெற்ற மெக்கானிக்.

ஆயில்

பில்டர் உள்ள லைக்கமிங் இன்ஜினுக்கு 50 மணி நேரம் அல்லது 4 மாதம், எது முதலில் வருகிறதோ அது. பில்டர் இல்லாமல் சல்லடை மட்டும் உள்ள பழைய அமைப்பானால் 25 மணி நேரம். 172எம்-இல் பல விமானங்கள் பில்டர் இல்லாமலே ஆலையிலிருந்து வந்தவை. பிறகு அடாப்டர் வைத்து பில்டர் பொருத்தப்பட்டிருக்கும். அடாப்டரின் காகிதங்களில் எந்த பில்டர் எண் என்று பார்த்து வாங்குங்கள். ஆண் மரை, பெண் மரை, நீளம் வேறுபட்டும் வெளித்தோற்றம் ஒன்றுபோலவே இருக்கும்.

முதலில் 20, 30 நிமிடம் பறந்து ஆயிலைச் சூடாக்கிவிட்டு வடிக்க வேண்டும். சூடான ஆயில்தான் அழுக்கைத் தன்னோடு கொண்டு வரும். தரையில் வெறுமனே ஓட்டிச் சூடாக்குவது தப்பு. அந்த வெப்பம் ஆயிலில் கலந்த நீரை ஆவியாக்கப் போதாது, ஈரமும் எரிந்த வாயுவின் அமிலமும் உள்ளேயே தங்கிவிடும். வடிகுழாயில் குழாய் மாட்டித் திறந்து, ஆயிலில் மூன்றில் ஒரு பங்கு போன பிறகு ஆய்வகத்துக்கான மாதிரியைப் பிடியுங்கள். முதலில் வருவதில் அடிமண்டி, கடைசியில் வருவதிலும் அடிமண்டி. நடுவில் வருவதுதான் இன்ஜினின் உண்மையான நிலை. அரை மணி நேரம் வடிய விடுங்கள்.

அது வடியும் நேரத்தில் ஆயில் தொட்டியின் அடியிலுள்ள உறிஞ்சுசல்லடையைக் கழற்றலாம். உலோகத் துண்டு ஏதாவது பெரிதாக உடைந்திருந்தால் அது பில்டருக்குப் போகாமல் இங்கேதான் கிடக்கும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், விடக் கூடாது. திரும்பப் போடும்போது புதிய கிரஷ் காஸ்கெட் (நசுங்கி அடைக்கும் வளையம்). காஸ்கெட் இரு பக்கமும் தொட்டு நிற்கும் வரை திருகி, அதற்குமேல் 135 டிகிரி. பிறகு சேஃப்டி வயர்.

புதிய பில்டரின் ரப்பர் வளையத்தில் டிசி-4 சிலிக்கோன் கலவையை மெல்லிசாகத் தடவி, டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பானர்) வைத்து 16 முதல் 18 அடி-பவுண்ட் வரை இறுக்குங்கள். சாம்பியன் பில்டர்களில் இந்த அளவு டப்பாவிலேயே அச்சாகியிருக்கும். கார் பில்டர் போலக் கையால் இறுக்கி முக்கால் சுற்று என்ற கணக்கு இங்கே வேண்டாம். அப்புறம் 0.032 அங்குல சேஃப்டி வயர், அங்குலத்துக்கு 6 முதல் 8 முறுக்கு. வயர் பில்டரை இறுகும் பக்கமாக இழுக்க வேண்டும். தளரும் பக்கமாக இழுக்கும்படி கட்டிய வயர் பார்க்க அழகாக இருக்கும், எதையும் தடுக்காது. கட்டியவரைத் தவிர இன்னொரு உறுப்பினர் கையால் தொட்டுப் பார்த்து ‘சரி’ சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது.

எவ்வளவு ஊற்றுவது? தொட்டியின் அளவு 8 குவார்ட், பில்டர் இருந்தால் மொத்தம் 9 வரை போகும். செஸ்னாவின் கையேடு சொல்வது: 6-க்குக் கீழே பறக்காதே, 3 மணி நேரத்துக்குக் குறைந்த பறப்புக்கு 7, நீண்ட பறப்புக்கு 8. கிளப்பில் ‘குறைவாக விட்டுப் போனார் என்று பேச்சு வாங்க வேண்டாம்’ என்று ஒவ்வொருவரும் 8-க்கு நிரப்பிவிட்டுப் போவார்கள். அந்த எட்டாவது குவார்ட் இன்ஜினின் காற்றுப்போக்கிக் குழாய் வழியாக வெளியேறி விமானத்தின் வயிற்றைத்தான் நனைக்கும். செலவுக் கணக்கில் இன்ஜின் ஆயில் குடிப்பதுபோலத் தெரியும். ‘6½-க்குக் கீழே போனால் மட்டும் ஒரு குவார்ட்’ என்று ஆயில் மூடிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். ஒவ்வொருவர் ஊற்றும் அளவும் டேக் மணியோடு ஏட்டில் ஏற வேண்டும்.

லைக்கமிங் சொல்லும் உச்சவரம்பு 150 குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறக்குறைய அரை குவார்ட். அந்த அளவுக்கு எந்த கிளப்பும் காத்திருக்கக் கூடாது. ஆரோக்கியமான இன்ஜின் 8, 10 மணி நேரத்துக்கு ஒரு குவார்ட் எடுக்கும். எண்ணைவிட முக்கியம் அது மாறும் விதம். பத்து மணிக்கு ஒன்று என்று இருந்தது ஐந்து மணிக்கு ஒன்று என்று ஆனால் காரணம் தேடத் தொடங்குங்கள்.

பில்டரை அறுத்துப் பார்த்தல்

சர்வீஸில் அதிகம் பேசுவது இந்த வேலைதான். இதற்கென்று உருளும் கத்தி கொண்ட கட்டர் விற்கிறது. இரும்பு அறுக்கும் ரம்பத்தை எடுக்கவே கூடாது. ரம்பத் தூளும் இன்ஜின் தூளும் கலந்தபின் எது எது என்று தேறாது. டப்பாவைத் திறந்து, மடிப்புக் காகிதத்தை இரு ஓரமும் வெட்டி எடுத்து, வைஸில் வைத்து நசுக்கி எண்ணெயைப் பிழிந்து, வெள்ளைத் துணிமேல் விரித்து வெயிலில் பாருங்கள்.

கருப்புத் துகள்கள் பெரும்பாலும் கரி. இரு நகங்களுக்கு நடுவே வைத்து அழுத்தினால் பொடியாகும். பொடியாகாததை காந்தத்தால் தொட வேண்டும். ஒட்டினால் எஃகு: கேம்ஷாஃப்ட் (வால்வுகளை இயக்கும் தண்டு), டேப்பெட் (அதன் முகடுகளில் உரசும் துண்டு), கியர், சில நேரம் பிஸ்டன் வளையம். ஒட்டாத வெள்ளிநிற மினுக்கு அலுமினியம். பிஸ்டன் பின் மூடிகள் சிலிண்டரில் உரசும்போது வருவது. செம்பு நிறம் என்றால் புஷ்ஷிங். துண்டுகளை எண்ணி எழுதுங்கள், விரித்த காகிதத்தை டேக் மணி எழுதிய சீட்டுடன் படமெடுத்து வையுங்கள். எத்தனை துண்டு வந்தால் தொடர்ந்து பறக்கலாம், எப்போது 25 மணியில் மறுபடி பார்க்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதற்கு லைக்கமிங்கின் சர்வீஸ் புல்லட்டின் 480 வழிகாட்டுகிறது. முடிவு மெக்கானிக்குடையது, உங்கள் எண்ணிக்கை இல்லாமல் அவராலும் முடிவெடுக்க முடியாது.

லைக்கமிங்கில் கேம்ஷாஃப்ட் இன்ஜினின் மேற்பகுதியில் இருக்கிறது. விமானம் சும்மா நின்றால் எண்ணெய் கீழே வடிந்து, கேமின் முகடுகள் வறண்டு, ஈரக்காற்றில் துருப்பிடிக்கும். அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது அந்தத் துரு டேப்பெட்டின் முகத்தை அரிக்கும். அந்த அரிப்புதான் பில்டரில் எஃகு மினுக்காக வருகிறது. 30 நாளுக்குள் ஒரு முறையாவது, ஆயில் வெப்பம் 165 முதல் 200 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 74 முதல் 93 செல்சியஸ், இருக்கும்படி ஒரு மணி நேரம் தொடர்ந்து பறக்க வேண்டும் என்பது லைக்கமிங் சொல்லும் அளவு. பங்கு விமானத்தின் மிகப் பெரிய நன்மை இங்கேதான். பத்துப் பேர் இருந்தால் விமானம் வாரக்கணக்கில் நிற்பது அரிது. பனிக்காலத்தில் யாரும் முன்பதிவு செய்யாத மாதம் வந்தால் பராமரிப்புப் பொறுப்பாளர் தானே ஓர் ஆளைப் பறக்க அனுப்ப வேண்டும்.

ஸ்பார்க் பிளக்

எட்டு பிளக், சிலிண்டருக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. இந்த இன்ஜினில் வழக்கமாகப் போடுவது சாம்பியன் ஆர்இஎம்40இ. கழற்றும்போதே துளையிட்ட மரக்கட்டையில் 1 மேல், 1 கீழ் என்று இடம் குறித்து வைக்க வேண்டும். கலந்துவிட்டால் எந்தச் சிலிண்டர் என்ன சொல்கிறது என்பது போய்விடும். கீழே விழுந்த பிளக் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருக்கலாம். அதை எறிந்துவிடுங்கள்.

100எல்எல் என்னும் விமான பெட்ரோலில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். கீழ் பிளக்கில் அது சிறு மணிகளாக உருண்டு மின்முனைக்கும் உடலுக்கும் நடுவே அடைத்துக்கொள்ளும். அப்போது மின்சாரம் பொறியாகாமல் அந்த வழியாகவே கசிந்துவிடும். அதிர்வுக் கருவியால் மணிகளை உடைத்து எடுத்தபின் மட்டுமே மணல் வீச்சு, அதுவும் சில நொடிகள். அதிகம் வீசினால் பீங்கானும் மின்முனையும் தேயும். இடைவெளி 0.016 முதல் 0.021 அங்குலம். அதிகமானதைக் குறைக்கலாம், குறைத்துவிட்டதை நெம்பி விரிக்க முயன்றால் நடு முனையின் பீங்கான் உடையும். மின்தடையையும் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 5,000 ஓமுக்கு மேல் காட்டினால் சுத்தமாக இருந்தாலும் மாற்றிவிடுவது மேல்.

திரும்பப் போடும்போது மேலே இருந்ததைக் கீழே, கீழே இருந்ததை மேலே, அதுவும் வெடிப்பு வரிசையில் அடுத்த சிலிண்டருக்கு. இந்த இன்ஜினின் வரிசை 1-3-2-4. அப்போது பொறியின் துருவம் மாறி மின்முனை ஒரே பக்கம் தேயாது. புதிய செம்பு வாஷர், முனையிலிருந்து இரண்டாவது மரையில் துளி ஆன்டி-சீஸ், 35 அடி-பவுண்ட். முதல் மரையில் பூசினால் சூட்டில் ஒழுகி மின்முனையில் ஷார்ட் ஆக்கிவிடும்.

பிளக் திரும்பத் திரும்ப அடைத்தால் பிளக்கைக் குறை சொல்லாமல், தரையில் இன்ஜினை எப்படி ஓட்டுகிறார்கள் என்று பாருங்கள். டாக்ஸி செய்யும்போது (தரையில் ஓட்டிச் செல்லும்போது) மிக்ஸ்சரை, அதாவது பெட்ரோல்-காற்றுக் கலவைக் குமிழை, முழுக்க உள்ளே தள்ளி வைத்திருந்தால் ஈயம் ஆவியாகும் சூடே பிளக்குக்குக் கிடைக்காது. ஸ்டார்ட் ஆனதும் சுழற்சி சற்று ஏறி இறங்கத் தொடங்கும் வரை மிக்ஸ்சரை வெளியே இழுக்க வேண்டும், அதுவும் துணிந்து. அப்படி இழுத்திருந்தால் புறப்பாட்டுக்குத் த்ராட்டில் தள்ளும்போது இன்ஜின் திணறும். மிக்ஸ்சரை மறந்து ஓடுபாதையில் ஓட முடியாது. பாதி இழுத்தால்தான் ஆபத்து: திணறாமல் புறப்பட்டு, மெலிந்த கலவையில் முழு சக்தியோடு ஏறிவிடும். பத்துப் பேரும் ஒரே முறையில் செய்தால் பிளக் செலவு கண்கூடாகக் குறையும்.

பிளக்குகளுக்குப் பொறி தருபவை இரண்டு மேக்னெட்டோ. ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கும் சோதனை 172எம்-இல் நிமிடத்துக்கு 1,700 சுழற்சியில். எந்தப் பக்கமும் 125-க்கு மேல் விழக் கூடாது, இரண்டுக்கும் வித்தியாசம் 50-க்குள் இருக்க வேண்டும். சுழற்சி கொஞ்சமும் விழாவிட்டால் மகிழ வேண்டாம். தரை இணைப்பு அறுந்து, சாவி ‘ஆஃப்’-இல் இருந்தும் மேக்னெட்டோ உயிரோடு இருக்கலாம். அந்த நிலையில் புரொப்பெல்லரைக் கையால் தொடுபவர் உயிருக்கு ஆபத்து. பென்டிக்ஸ் சாவிகளுக்கு 100 மணிக்கு ஒருமுறை இதைச் சோதிக்கவேண்டும் என்று 76-07-12 எண்ணுள்ள தகுதி ஆணையே (எஃப்.ஏ.ஏ.-வின் கட்டாயப் பாதுகாப்பு உத்தரவு) இருக்கிறது. ஸ்லிக் மேக்னெட்டோவை 500 மணிக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். இந்த இன்ஜினில் பொறி வர வேண்டியது பிஸ்டன் மேல் உச்சத்தை அடைவதற்கு 25 டிகிரி முன்.

சக்கரங்கள்

மூக்கு டயர் 5.00-5, காற்று 31 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்ட்). பிரதான டயர்கள் 6.00-6, 29 பிஎஸ்ஐ. மூக்கு ஸ்ட்ரட் பாரமில்லாமல் 45 பிஎஸ்ஐ. மூக்கைத் தூக்க விமான உடலின் வால்புறச் சட்டத்தில் பாரம் கொடுங்கள். கிடைமட்ட வாலை அமுக்கினால் உள் விலா வளையும்.

சக்கரத்தின் இரு பாதிகளையும் இணைக்கும் போல்ட்டைத் தொடும் முன் வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். காற்றோடு அந்த போல்ட்டைக் கழற்றினால் சக்கரம் வெடித்துப் பிரியும். புதிய டியூபுக்கு டால்க் தூவி, டயரின் சிவப்புப் புள்ளியும் டியூபின் மஞ்சள் கோடும் நேராக வரும்படி வையுங்கள். கோடு இல்லையென்றால் புள்ளி வால்வுக்கு நேரே. கொஞ்சம் காற்றடித்து, முழுதும் இறக்கி, மறுபடி அடித்தால் டியூபில் மடிப்பு விழாது. போல்ட் டார்க் எண் சக்கரத்திலேயே பொறித்திருக்கும். பேரிங்கை நன்றாகக் கழுவி, காற்றால் சுழலவிடாமல் உலர்த்தி, ஏரோஷெல் 22 போன்ற விமான கிரீஸை உருளைகளுக்குள் திணிக்க வேண்டும். அச்சு நட்டைச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே ஆட்டம் போகும் வரை இறுக்கி, அருகிலுள்ள துளைக்குத் தளர்த்தி, புதிய காட்டர் பின். பழைய பின்னை நேராக்கிப் போடாதீர்கள்.

தரையிறங்கி ஓடும்போது மூக்குச் சக்கரம் படபடவென்று ஆடுகிறது என்ற புகார் எல்லா கிளப்பிலும் வரும். உடனே ஷிம்மி டேம்பரை (அந்த ஆட்டத்தை அடக்கும் எண்ணெய்ச் சிலிண்டர்) கழற்ற ஓடுவார்கள். வரிசை வேறு: டயரில் தட்டைத் தேய்மானமும் சமநிலையும், காற்றழுத்தம், டார்க் லிங்க் (ஸ்ட்ரட்டைத் திருகாமல் பிடிக்கும் மடக்குக் கை) புஷ்ஷிங்குகளின் ஆட்டம், கடைசியாகத்தான் டேம்பரின் எண்ணெய். புஷ்ஷிங் தேய்ந்திருந்தால் புதிய டேம்பர் போட்டாலும் ஆட்டம் திரும்பும்.

பிரேக் லைனிங் மாற்றுவது பைலட் பட்டியலில் இல்லை. மெக்கானிக்கின் மேற்பார்வையில் உறுப்பினர் செய்யலாம், கையெழுத்து மெக்கானிக்குடையது. கிளீவ்லண்ட் லைனிங் 0.100 அங்குலத்துக்குத் தேய்ந்தால் மாற்ற வேண்டும். புதிய கரிம லைனிங்கைப் பதப்படுத்த, 1,700 சுழற்சியில், பிரேக்கை லேசாக அமுக்கி, மணிக்கு 5 முதல் 10 மைல் வேகத்தில் 1,500 அடி டாக்ஸி செய்து, 10, 15 நிமிடம் ஆறவிட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் லைனிங் முழுப் பிடிப்பையும் தராது. எண்ணெய் சிவப்பு நிற எம்ஐஎல்-எச்-5606 மட்டுமே. கார் பிரேக் திரவம் இந்த ரப்பர் சீல்களை ஊதவைத்துக் கெடுக்கும். பத்துப் பேர் புழங்கும் ஹேங்கரில் கார் பிரேக் டப்பாவை வைக்கவே கூடாது.

மெக்கானிக் வரும் நாள்

கம்ப்ரஷன் சோதனையை (சிலிண்டர் காற்றைக் கசியாமல் பிடிக்கிறதா என்று பார்ப்பதை) 80 பிஎஸ்ஐ காற்றோடு, இன்ஜின் சூடாக இருக்கும்போது செய்வார். ஓர் உறுப்பினர் புரொப்பெல்லரை உறுதியாகப் பிடிக்க வேண்டும். பிஸ்டன் சரியான உச்சத்தில் இல்லாவிட்டால் அந்தக் காற்றே பிளேடை வீசியடிக்கும். சிலிண்டரில் நிற்கும் அழுத்தம் 70-க்கு மேல், எல்லாம் ஒன்றுபோல் இருந்தால் நிம்மதி. லைக்கமிங் கொடுக்கும் கடைசி எல்லை 60. மூன்று சிலிண்டர் 75 சுற்றி இருக்க நான்காவது 62 காட்டினால், காற்று எங்கே போகிறது என்று காது வையுங்கள். புகைக்குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்பரேட்டர் வாயில் சீறினால் உள்ளிழு வால்வு. ஆயில் மூடித் துளையில் சீறினால் பிஸ்டன் வளையம். ஒரே ஒரு குறைந்த எண்ணை வைத்து சிலிண்டரைக் கழற்றிவிடாமல், ஒரு மணி நேரம் பறந்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். பலமுறை வால்வில் சிக்கிய கரியே காரணமாக இருக்கும்.

குளிரில் ஸ்டார்ட் ஆனதும் ஒரு சிலிண்டர் சில நிமிடம் தடுமாறிப் பிறகு சரியாகிறது என்றால் எக்ஸாஸ்ட் வால்வு அதன் வழிகாட்டிக்குள் ஒட்டுகிறது. ‘சூடானதும் சரியாகிவிட்டது’ என்று ஏட்டில் எழுதாமல் போகும் உறுப்பினரால் அடுத்தவருக்கு வளைந்த புஷ்ராடு (வால்வைத் தள்ளும் தண்டு) கிடைக்கும்.

மஃப்ளரைச் சுற்றிய உறையைக் கழற்றி, வேக்குவம் கிளீனரின் காற்று வெளிவிடும் பக்கத்தைப் புகைக்குழாயில் வைத்து, சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். கேபின் ஹீட்டருக்கு இந்த மஃப்ளரைச் சுற்றிய காற்றுதான் வருகிறது. விரிசல் விட்டால் கார்பன் மோனாக்ஸைடு நேரே உள்ளே. டிஜிட்டல் எச்சரிக்கைக் கருவி ஒன்று விமானத்திலேயே நிரந்தரமாக இருக்க வேண்டும்.

இருக்கைத் தண்டவாளத்துக்கு 2011-10-09 எண்ணுள்ள ஆணை. துளை 0.42 அங்குலத்துக்கு மேல் தேயக் கூடாது, இருக்கையைப் பூட்டும் ஊசி குறைந்தது 0.15 அங்குலம் உள்ளே இறங்க வேண்டும். உயரம் வேறுபட்ட பத்துப் பேர் நாளும் முன்னும் பின்னும் தள்ளும் இருக்கை இது. விமானம் மேலே ஏறும்போது அந்த ஊசி விலகி இருக்கை பின்னால் ஓடினால், கட்டுப்பாட்டுச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை மூக்கையும் சேர்த்து மேலே இழுக்கும். ஒவ்வொருவரும் உட்கார்ந்ததும் இருக்கையை ஆட்டிப் பார்க்க வேண்டும்.

சோதனைகளின் இடைவெளி: டிரான்ஸ்பாண்டருக்கு (ராடாருக்குப் பதில் தரும் கருவி) 24 மாதம், கருவிகளால் மட்டும் பறப்பவர்கள் இருந்தால் உயரமானி அமைப்புக்கும் 24, அவசர ஒலிபரப்பிக்கு 12. இவை ஒரே சுவர்ச் சீட்டில் இருந்தால் போதும்.

பெட்ரோல் அளவுகோல்

பழைய செஸ்னாவின் பெட்ரோல் முள்ளை நம்பிப் பறக்கக் கூடாது. ஒவ்வொரு டாங்கும் 21 கேலன், பயன்படுவது 19. பூசாத மரக்குச்சி ஒன்று எடுங்கள். விமானத்தைச் சமதரையில் நிறுத்தி, தரை இணைப்புக் கம்பி மாட்டி, ஒரு டாங்கை அடிவடிகால் வழியே காலி செய்யுங்கள். எந்த டாங்கிலிருந்து பெட்ரோல் வர வேண்டும் என்று தேரும் செலக்டரை மற்றொரு டாங்குக்குத் திருப்பி வையுங்கள், ‘இரண்டும்’ என்று இருந்தால் எரிபொருள் பக்கம் மாறி அளவு கெட்டுவிடும். முதலில் பயன்படாத 2 கேலன், அதன்மேல் பம்ப் மீட்டரைப் பார்த்து ஐந்து ஐந்து கேலனாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் குச்சியை நேர்குத்தாக இறக்கி, நனைந்த கோட்டில் கத்தியால் கீறுங்கள். மற்ற டாங்குக்கும் தனியாகச் செய்து பாருங்கள். குச்சியில் விமானத்தின் எண்ணை எழுதி, பயன்படும் கேலனை மட்டும் குறியுங்கள்.

பணம்

ஹேங்கர் வாடகை, காப்பீடு, ஆண்டுப் பரிசோதனை ஆகியவை விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் வரும் செலவு. அவற்றை மாதச் சந்தா தாங்க வேண்டும். பெட்ரோல், ஆயில், இன்ஜின் சேமிப்பு ஆகியவை மணிக் கட்டணத்தில். இந்த இரண்டையும் கலந்தால் அதிகம் பறப்பவர் பறக்காதவருக்குச் செலுத்துகிறார், அல்லது நேர்மாறு. சண்டை அங்கே தொடங்கும்.

இன்ஜின் சேமிப்புதான் பெரும்பாலும் தவறுவது. லைக்கமிங் இந்த இன்ஜினுக்குச் சொல்லும் ஓவர்ஹால் (முழுதும் பிரித்துப் புதுப்பித்தல்) காலம் 2,000 மணி நேரம் அல்லது 12 ஆண்டு. சொந்தப் பயன்பாட்டில் அது கட்டாயமில்லை, ஆனால் கணக்குக்கு அதுதான் அடிப்படை. எடுத்துக்காட்டாக ஓவர்ஹால் 36,000 டாலர் என்று வைத்தால் மணிக்கு 18 டாலர். இன்ஜின் 1,400 மணி ஓடியிருந்தால் நிதியில் 25,200 இருக்க வேண்டும். 14,000-தான் இருக்கிறது என்றால் மீதி 22,000-ஐ 600 மணியில் சேர்க்க வேண்டும், மணிக்கு 37 டாலர் ஆகிவிடும். இதை ஆண்டுதோறும் புதிய விலைக்குத் திருத்துங்கள். திருத்தாத கிளப், இன்ஜின் திறக்கும் நாளில் ஆளுக்குச் சில ஆயிரம் கேட்கும். தர முடியாதவர் விலகுவார். மீதிப் பேருக்குப் பாரம் கூடும். பங்கு விற்கும்போதும் விமானத்தின் விலையோடு அந்த நிதியில் அவர் பங்கும் சேர வேண்டும்.

மணியை டேக்கில் எண்ணுவதா ஹாப்ஸில் (ஓடிய நேரத்தை அப்படியே எண்ணும் மீட்டர்) எண்ணுவதா? டேக் மெதுவான சுழற்சியில் மெதுவாக ஓடும், அதனால் தரையில் அவசரமில்லாமல் சரிபார்ப்பவருக்கு அபராதம் விழாது. பராமரிப்பும் டேக்கில்தான் எண்ணப்படுகிறது. டேக்கே நல்லது. காப்பீட்டு நிறுவனம் தராமல் நாமே ஏற்க வேண்டிய தொகையைச் சேதம் செய்தவர் தருவாரா கிளப் தருமா என்பதைச் சேதம் நடக்கும் முன்னரே விதியில் எழுதிவிடுங்கள்.

கோளாறு ஏடு

‘ரேடியோ சரியில்லை’ என்று மட்டும் எழுதினால் மெக்கானிக்குக் கொடுக்கும் காசுதான் வீண். எந்த ரேடியோ, கேட்கிறதா பேசுகிறதா, எந்த அலைவரிசை, இன்ஜின் ஓடும்போதா நின்றபோதா, டேக் மணி என்ன என்று எழுதச் செய்யுங்கள். விமானத்தை நிறுத்த எந்த உறுப்பினருக்கும் அதிகாரம் உண்டு. நிறுத்தியதை விடுவிக்க பராமரிப்புப் பொறுப்பாளருக்கு மட்டும். விடுவிக்கும்போது என்ன செய்தார், யார் கையெழுத்திட்டார் என்பது அதே வரிக்குக் கீழே வர வேண்டும். வேலை செய்யாத கருவியோடு பறப்பதானால் அது விதிப்படி தேவையில்லாத கருவிதானா என்று பார்த்து, செயலிழக்கச் செய்து, ‘வேலை செய்யவில்லை’ என்ற சீட்டை ஒட்டித்தான் பறக்கலாம்.

சர்வீஸ் முடிந்த நாளில் கவுலிங் (இன்ஜின் மூடி) மாட்டுமுன் கருவிகளை எண்ணுங்கள்; துணிகளையும் எண்ணுங்கள். ஸ்டார்ட் செய்து 30 நொடிக்குள் ஆயில் அழுத்தம் வராவிட்டால் நிறுத்துங்கள். வந்தால் ஓரிரு நிமிடம் 1,000 சுழற்சியில் ஓட்டி, நிறுத்தி, பில்டர் அடியிலும் வடிகுழாயிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். முதல் பறப்பு ஒருவர் மட்டும், விமான நிலையத்துக்கு மேலேயே, அரை மணி நேரம். இறங்கியதும் மறுபடி டார்ச், மறுபடி ஆயில் குச்சி. அந்த அளவை டேக் மணியோடு ஏட்டில் எழுதியபின் அடுத்தவரிடம் சாவியைக் கொடுக்கலாம்.